வாரென் குடும்பம்: ஒரு நார்மன் நிலப்பிரபு வம்சம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1066இல் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்களில் ஒருவர் வில்லியம் த வாரென். கையில் வாளோடு வந்த இளைய மகன். இருபது வருஷத்தில் அந்த நாட்டின் பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆகிவிட்டார். அவர் வம்சம் 1347 வரை சர்ரே பிரபுக்களாக இருந்தது. இந்தக் குடும்பத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்குச் சில கேள்விகள் தவறாமல் வரும். எனக்கும் வந்தன. விடை தெரிந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?

நெடில் போட்டு ‘வாரேன்’ என்று எழுதினால் யாரோ சொல்லிக்கொண்டு கிளம்புவது போல இருக்கிறது. அதனால் ‘வாரென்’. ‘த’ என்பது ‘அந்த ஊரைச் சேர்ந்த’ என்று பொருள் தரும் பிரெஞ்சு ஒட்டு. அந்தக் காலத்து நார்மன் பிரபுக்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. எந்த ஊர் கையில் இருக்கிறதோ அதுதான் பெயர்.

குடும்பத்தின் பூர்வீகம் எது?

வட பிரான்சில் தியெப் துறைமுகத்துக்குத் தெற்கே வரென் என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. அதன் கரையில் இருந்த அதே பெயருள்ள குக்கிராமம்தான் பூர்வீகம். பிறகு அதே ஆற்றங்கரையில் இருக்கும் பெலான்கோம்பரில் கோட்டை கட்டிக்கொண்டு அதைத் தலைமையிடம் ஆக்கினார்கள். பெரிய வீட்டார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நார்மண்டி டியூக் முதலாம் ரிச்சர்டின் மனைவி குன்னோருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஒரு இழைதான் இவர்களை அரண்மனையோடு சேர்த்துக் கட்டியது. 12ஆம் நூற்றாண்டில் ராபர்ட் த டோரின்யி என்ற துறவி குன்னோரின் உறவினர் வம்சங்களைக் குறித்து வைத்தபோது வாரென்களும் அதில் இடம்பிடித்தார்கள்.

சில வம்சப் படங்களில் வில்லியமின் அப்பா ரொடுல்ஃப் ஒருவர். சிலவற்றில் ரொடுல்ஃப் இருவர். எது சரி?

ரூவான் நகரத்து மடம் ஒன்றின் ஆவணங்களில் ரொடுல்ஃப் த வாரென் நிலம் கொடுத்ததும் விற்றதும் வருகிறது. முந்தைய ஆவணங்களில் மனைவி பெயர் பியாட்ரிஸ். பிந்தியவற்றில் எம்மா. ஒரே ஆள் இரண்டு கல்யாணம் செய்துகொண்டார் என்று ஒரு கட்சி. அப்பா ரொடுல்ஃபின் மனைவி பியாட்ரிஸ், மகன் ரொடுல்ஃபின் மனைவி எம்மா என்று இன்னொரு கட்சி. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வைத்த எல்லாக் குடும்பங்களிலும் வரும் தொல்லைதான். இரண்டு ரொடுல்ஃப் என்று வைத்துக்கொண்டால் தலைமுறைக் கணக்கு எளிதாக ஒத்துவருகிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

இளைய மகனுக்குச் சொத்து எங்கிருந்து வந்தது?

இன்னொருவர் கவிழ்ந்ததிலிருந்து. 1054இல் மோர்ட்டெமேர் என்ற இடத்தில் நார்மன்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். அந்த இடத்துக் கோட்டைக்காரர் ரோஜர், எதிரித் தலைவர்களில் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்துப் பத்திரமாக அனுப்பிவைத்தார். பழைய விசுவாசம் என்று அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. பின்னால் இங்கிலாந்து ராஜாவான நார்மண்டி டியூக் வில்லியமுக்கு அது எடுபடவில்லை. கோட்டையைப் பிடுங்கி, ரோஜருக்கு உறவினரான வாரெனிடம் கொடுத்துவிட்டார். மற்ற நிலங்கள் ரோஜருக்குப் பிறகு திரும்பிக் கிடைத்தன, கோட்டை கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்து வரலாற்றில் பின்னால் அமர்க்களப்படுத்திய மார்ட்டிமர் குடும்பம் இந்த ரோஜரின் வழி. ஊர் வாரென்களிடம் போனது, ஊர்ப் பெயர் அவர்களிடம் தங்கிவிட்டது.

1066இல் இங்கிலாந்தை நார்மன்கள் கையில் கொடுத்த ஹேஸ்டிங்ஸ் போரில் வில்லியம் த வாரென் உண்மையிலேயே இருந்தாரா? எல்லாக் குடும்பமும் அப்படித்தானே சொல்லிக்கொள்கிறது?

சந்தேகம் நியாயமானது. ‘எங்கள் முன்னோர் டியூக் வில்லியமோடு வந்தவர்’ என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை எல்லாம் ஏற்றியிருந்தால் கப்பல் போதாது. போர் முடிந்து நூற்றுக்கணக்கான வருஷங்களுக்குப் பிறகு பட்டியல்கள் புதிது புதிதாக முளைத்தன. பணம் படைத்தவர்களின் பெயர்கள் அவற்றில் நுழைந்தன. போர்க்களத்தில் இருந்தார் என்று அந்தக் காலத்து ஆதாரத்தோடு சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். டியூக்கிடம் பாதிரியாராக இருந்த வில்லியம் ஆஃப் புவாட்டியே எழுதிய வரலாற்றில் வாரென் பெயர் இருக்கிறது. ஆக, இவர் பொய்க் கணக்கில் சேர மாட்டார்.

இங்கிலாந்தில் எவ்வளவு நிலம் கிடைத்தது?

1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பின்படி 13 மாவட்டங்களில் நிலம், ஆண்டு மதிப்பு சுமார் 1,165 பவுண்டு. ராஜாவின் தாய் வழித் தம்பிகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நாட்டின் முதல் பத்துப் பணக்கார நிலப்பிரபுக்களுக்குள் வருவார்.

நிலம் ஒரே இடத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெற்கே சசெக்ஸில் லூயிஸ், கிழக்கே நார்ஃபோக்கில் காசில் ஏக்கர், வடக்கே யார்க்ஷயரில் கானிஸ்பரோ. கானிஸ்பரோ, ஹேஸ்டிங்ஸ் போரில் இறந்த இங்கிலாந்து ராஜா ஹாரல்டின் சொத்தாக இருந்தது. பெயருக்கே ‘ராஜாவின் கோட்டை’ என்றுதான் பொருள். சசெக்ஸைக் கடலிலிருந்து வடக்கு நோக்கிப் பட்டை பட்டையாக அறுத்து, பட்டைக்கு ஒரு கோட்டை என்று நம்பிக்கையானவர்களிடம் ஒப்படைத்தார் புது ராஜா. நார்மண்டிக்குப் போய்வரும் வழி அது. அந்நியர் கையில் விட முடியாது. அதில் லூயிஸ் பட்டை வாரெனுக்கு.

டூம்ஸ்டேயில் நார்ஃபோக் நிலங்களுக்குப் பக்கத்தில் ‘லூயிஸுக்கு மாற்றாக’ என்று வருகிறதே, அது என்ன?

இந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு நிலப் பதிவு அலுவலகத்து வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். சசெக்ஸ் பட்டைகளை முதலில் பிரித்த பிறகு நடுவில் இன்னொரு பட்டை வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வில்லியம் த பிரயோஸ் என்பவருக்காக பிராம்பர் பட்டையை உருவாக்கினார்கள். அதற்கு வாரெனின் நிலத்திலிருந்தும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. ஈடாக அவருக்கு நார்ஃபோக்கில் கிராமங்கள் கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்துக் கணக்கெடுக்க வந்தவர், ‘இது எப்படி உம்மிடம் வந்தது?’ என்று ஒவ்வொரு கிராமத்துக்கும் கேட்கிறார். ‘லூயிஸ் மாற்று’ என்று பதில் வருகிறது. எழுதிக்கொள்கிறார். அடுத்த கிராமம். அதே பதில்.

கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ளும் அந்த வழக்கம்தான் இந்த வம்சத்தின் வரலாறு இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம். நாட்குறிப்பு, கடிதம் என்று எதையும் இவர்கள் விட்டுப்போகவில்லை. நிலம் வாங்கியது, கொடுத்தது, வழக்காடியது, இவ்வளவுதான்.

வில்லியமின் மனைவி குந்த்ராடா ராஜாவின் மகளா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இணையத்தில் கிடைக்கும் வம்சப் படங்களில் பாதி இன்னும் ‘ஆம்’ என்கின்றன. இல்லை. குந்த்ராடா ராஜா வில்லியமின் மகளும் இல்லை, ராணி மட்டில்டாவின் மகளும் இல்லை.

கதை எங்கே கிளம்பியது? வாரென் தம்பதி நிறுவிய லூயிஸ் மடத்தின் சாசனம் ஒன்றில், ‘என் மனைவியின் தாயான ராணி மட்டில்டாவின் ஆன்மாவுக்காக’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தச் சாசனம் இப்போது நம்மிடம் உள்ள வடிவம் வில்லியம் காலத்தது இல்லை. பிற்காலத்தில் மடத்திலேயே ‘தயாரானது’. நிறுவியவள் ராஜா வீட்டுப் பெண் என்றால் மடத்துக்கு எவ்வளவு பெருமை! அதை நம்பியவர்கள், மட்டில்டாவுக்கு ஏற்கெனவே ஒரு கணவர் இருந்தார், குந்த்ராடா அந்தக் கணவரின் மகள் என்றெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் கட்டிப் பார்த்தார்கள்.

அதை உடைத்தது ஒரு நடக்காத கல்யாணம். குந்த்ராடாவின் மகன் இரண்டாம் வில்லியமுக்குத் தன் மகள்களில் ஒருத்தியை (திருமணத்துக்கு வெளியே பிறந்தவள்) கட்டிவைக்க ராஜா முதலாம் ஹென்றி நினைத்தார். கான்டர்பரி பேராயர் ஆன்செல்மிடம் கேட்டார். ஆன்செல்ம் கூடாது என்று எழுதினார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பொது மூதாதை இருக்கிறார்கள். ஒரு பக்கம் எண்ணினால் நான்காம் தலைமுறை, மறுபக்கம் ஆறாம் தலைமுறை. திருச்சபை விதிப்படி செல்லாது என்றார். அந்தக் காலத்தில் விதி ஏழு தலைமுறை வரை பாயும். முறைப்பெண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது யோசியுங்கள். குந்த்ராடா ராஜா வில்லியமின் மகளாகவோ, மட்டில்டாவுக்கு வேறு கணவர் மூலம் பிறந்தவளாகவோ இருந்திருந்தால் ஹென்றி அவளுக்கு உடன்பிறந்தவர். அப்படியானால் மாப்பிள்ளையும் பெண்ணும் அத்தை மகன், மாமன் மகள். அவ்வளவு நெருங்கிய உறவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு யாராவது நான்காம் தலைமுறை, ஆறாம் தலைமுறை என்று தேடிக்கொண்டிருப்பார்களா? ஆன்செல்ம் சொல்லாமல் விட்டதே சாட்சி.

உண்மையில் குந்த்ராடா ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பெண். கொஞ்ச காலம் செஸ்டர் பிரபுவாக இருந்த கெர்போடின் உடன்பிறந்தவள் என்று ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி 12ஆம் நூற்றாண்டில் தெளிவாக எழுதியிருக்கிறார். ஃப்ரெடரிக் என்று இன்னொரு சகோதரனும் உண்டு. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்தில் நார்மன்களுக்கு எதிராகக் கலகம் செய்த ஹெரவார்ட் அவனைக் கொன்றான். ஃப்ரெடரிக்கின் நிலங்கள் தங்கை வழியாகவோ அக்கா வழியாகவோ வாரெனிடம் வந்து சேர்ந்தன.

‘தங்கையோ அக்காவோ’ என்று ஏன் மழுப்ப வேண்டும்?

இந்தக் குடும்பத்தைத் தமிழில் எழுதுகிறவருக்கு வரும் தனித் தலைவலி அது. லத்தீனில் ஒரே சொல்லில் ‘சகோதரி’ என்று முடித்துவிடுவார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் அக்காவா தங்கையா, அண்ணனா தம்பியா என்று வரிக்கு வரி முட்டும். இன்னும் மோசம் ‘நேபோஸ்’ என்ற லத்தீன் சொல். பேரன் என்றும் பொருள். அண்ணன் மகன், அக்காள் மகன் யாராக இருந்தாலும் அதே சொல். பல வம்சப் படங்களில் ஒரு தலைமுறை கூடியும் குறைந்தும் கிடப்பதற்கு இந்த ஒரு சொல்லே காரணம். தெரியாத இடத்தில் ‘உடன்பிறந்தவர்’ என்று எழுதிவிடுவது நல்லது.

லூயிஸில் மடம் கட்டியது எதற்காக?

1077 வாக்கில் கணவனும் மனைவியும் ரோமுக்கு யாத்திரை கிளம்பினார்கள். போப்பாண்டவருக்கும் ஜெர்மானியச் சக்கரவர்த்திக்கும் சண்டை நடந்துகொண்டிருந்ததால் ரோம் வரை போக முடியவில்லை. வழியில் பர்கண்டியில் க்ளூனி மடத்தில் தங்கினார்கள். ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற மடம். அங்கே கிடைத்த வரவேற்பும் வழிபாட்டின் ஒழுங்கும் இருவருக்கும் மனத்தில் பதிந்துவிட்டன. இங்கிலாந்தில் ஒரு கிளை வேண்டும் என்று கேட்டார்கள். மடத்தலைவர் ஹியூ தயங்கினார். கடைசியில் லான்சோ என்பவர் தலைமையில் சில துறவிகளை அனுப்பினார். இங்கிலாந்தின் முதல் க்ளூனி மடம் அதுதான். புனித பாங்க்ராஸ் பெயரில் அமைந்தது. குடும்பத்தின் இடுகாடும் அதுவே ஆனது.

நிலத்தைப் பிடுங்கிச் சேர்த்தவர்கள் அதில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொள்வது அன்றைய வழக்கம். அந்தக் கணக்கு மட்டும்தானா, பக்தியும்தானா என்றால், இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

காசில் ஏக்கர் கோட்டை முதலில் கோட்டையே இல்லை என்கிறார்களே?

ஆமாம். அங்கே அகழ்ந்து பார்த்தபோது, அடியில் கிடைத்தது வசதியான ஒரு பெரிய கல் வீடு. சுற்றிலும் பெரிய அரண் இல்லை. தோற்கடித்த நாட்டில், ஃப்ரெடரிக்கைக் கொன்ற கலகக்காரர்கள் நடமாடிய பகுதியிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், இப்படி ஒரு வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறார்கள். 1085 மே 27 அன்று பிரசவத்தில் குந்த்ராடா இறந்தது இங்கேதான். 1140களில், உள்நாட்டுப் போர்க் காலத்தில்தான் அந்த வீட்டின் சுவர்களைத் தடிப்பாக்கிக் கோட்டையாக மாற்றத் தொடங்கினார்கள்.

முதல் வில்லியம் எப்படி இறந்தார்?

1088இல் புது ராஜா வில்லியம் ரூஃபஸுக்கு எதிராகக் கலகம். வாரென் ராஜா பக்கம் நின்றார். சர்ரே பிரபு பட்டம் கிடைத்தது. பெவன்சி முற்றுகையில் காலில் அம்பு பாய்ந்தது. லூயிஸுக்குத் தூக்கி வந்தார்கள். ஜூன் 24 அன்று இறந்தார். பட்டத்தை அனுபவித்தது சில மாதம்கூட இருக்காது.

ஈலி மடத்துக்காரர்களுக்கு அவர் மேல் பழைய கோபம். தங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார் என்று. அவர் இறந்த இரவில், பிசாசுகள் இழுத்துப் போகும் அவருடைய ஆன்மா கருணை கேட்டு அலறியதைத் தங்கள் மடத்தலைவர் கேட்டதாக எழுதி வைத்தார்கள். விதவை (குந்த்ராடாவுக்குப் பின் கட்டிய இரண்டாம் மனைவி) நூறு ஷில்லிங் காணிக்கை அனுப்ப, நரகத்துக்குப் போனவனின் பணம் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்களாம். லூயிஸ் மடத்து ஏட்டில் அவர் புண்ணியவான், ஈலி மடத்து ஏட்டில் பாவி. யாருக்கு நிலம் கொடுத்தார், யாரிடம் எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் வில்லியம் பற்றி?

வாய்த்துடுக்கு. ராஜா ஆவதற்கு முன்னால் ஹென்றி வேட்டைப் பைத்தியமாக அலைந்ததைப் பார்த்து ‘மான்கால்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தவர் இவர். அப்புறம் ஹென்றி ராஜா ஆகிவிட்டார். போதாக்குறைக்கு இவர் கட்ட ஆசைப்பட்ட ஸ்காட்லாந்து இளவரசியை ஹென்றி கட்டிக்கொண்டார். 1101இல் ஹென்றியின் அண்ணன் ராபர்ட் பக்கம் சாய்ந்து, பட்டத்தையும் இங்கிலாந்து நிலத்தையும் இழந்தார். 1103இல் ராபர்ட் நேரில் வந்து, தனக்கு வந்துகொண்டிருந்த வருடாந்தர 3,000 மார்க் தொகையை விட்டுக்கொடுத்த பிறகுதான் வாரெனுக்குச் சொத்து திரும்பியது. 1106இல் இவருடைய சகோதரன் ரெஜினால்ட் ராபர்ட் பக்கம் சண்டை போட்டுச் சிக்கிக்கொண்டான். ஹென்றி மன்னித்து விடுவித்தார். அன்றோடு வாரெனின் வாய் அடங்கியது. அதே வருஷம் ஹென்றியும் ராபர்ட்டும் மோதிய டான்ஷ்ப்ரே போரில் ஹென்றிக்காகவே நின்றார்.

மனைவி இசபெல் த வெர்மாண்டுவா, பிரெஞ்சு ராஜா ஒருவரின் பேத்தி, இன்னொரு பிரபுவின் விதவை. இவர்கள் மகள் ஏடா 1139இல் ஸ்காட்லாந்து இளவரசரைக் கட்டினாள். அவளுடைய மகன்கள் இருவர் அடுத்தடுத்து ஸ்காட்லாந்து ராஜாக்கள்.

பொன்னும் நீலமும் கட்டம் போட்ட சின்னம் யாருடையது?

வாரென் கேடயத்தில் சதுரங்கப் பலகை போலப் பொன், நீலக் கட்டங்கள் இருக்கும். இசபெலின் தாய்வீடான வெர்மாண்டுவா வழியாக வந்தது என்பதே பொதுவான கருத்து. குலச்சின்னங்கள் என்ற வழக்கமே அப்போதுதான் தலையெடுக்கிறது. இன்றும் நார்ஃபோக் டியூக்கின் சின்னத்தில் நான்கில் ஒரு கட்டம் இதுதான்.

ஆண் வாரிசு 1148இலேயே அற்றுப்போனது என்கிறார்கள். பிறகு எப்படி 1347 வரை?

மூன்றாம் வில்லியம் இரண்டாம் சிலுவைப் போருக்குப் போய், 1148 ஜனவரியில் ஆசியா மைனர் மலைவழியில் துருக்கியர் தாக்குதலில் இறந்தார். பின்னால் இருந்தது ஒரே மகள், இசபெல். முழுச் சொத்தும் அந்தச் சிறுமி பெயரில். விடுவார்களா?

முதலில் ராஜா ஸ்டீஃபன் தன் மகனுக்கு அவளைக் கட்டிவைத்தார். அந்த மகன் 1159இல் இறந்தார். அதற்குள் ராஜ வம்சம் மாறிவிட்டது. புது ராஜா இரண்டாம் ஹென்றியின் தம்பி வில்லியம் அவளைக் கட்ட வந்தார். பேராயர் தாமஸ் பெக்கெட் மறுத்தார்: உன் தாயும் இவளுடைய இறந்த கணவனின் தந்தையும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், உறவு நெருக்கம், ஆகாது. வில்லியம் 1164 ஜனவரியில் இறந்துபோனார். ஏமாற்றத்தால் மனம் உடைந்து இறந்தார் என்று பேசிக்கொண்டார்கள். ஆறு வருஷம் கழித்துப் பெக்கெட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிய நால்வரில் ஒருவன் ரிச்சர்ட் லெ பிரெட், அந்த வில்லியமிடம் வேலை பார்த்தவன். வெட்டும்போது, ராஜாவின் தம்பியான என் எஜமானர் வில்லியமுக்காக இது என்று கத்தினான் என்று பெக்கெட்டின் எழுத்தர் பதிந்திருக்கிறார். ஒரு சொத்துக்காரப் பெண்ணின் கல்யாணப் பேச்சு அந்தத் தேவாலயம் வரை போயிருக்கிறது.

ஹென்றி விடவில்லை. தம்பிக்குக் கிடைக்காததை அதே 1164இல் இன்னொரு சகோதரர் ஹாமெலினுக்குக் கொடுத்தார். ஹாமெலின் அப்பா வழியில் மட்டும் சகோதரர். தடை போட்ட உறவோ ஹென்றியின் தாய் வழி. பெக்கெட்டின் கணக்கு இங்கே செல்லாது. ஹாமெலின் மனைவியின் குடும்பப் பெயரையே ஏற்றுக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை. கானிஸ்பரோவில் ஆறு முட்டுச்சுவர்களோடு வெண்கல்லில் எழும்பி நிற்கும் வட்டக் கோபுரம் அவர் கட்டியது. பிறகு வந்த வாரென்கள் எல்லாம் இவர் வழி.

ஒரே பிரபுவை ஒரு புத்தகத்தில் ஆறாமவர், இன்னொன்றில் ஏழாமவர் என்று ஏன் போடுகிறார்கள்?

இசபெலின் கணவர்களை எண்ணுவதா விடுவதா என்ற தகராறு. எண்ணைப் பார்க்காதீர்கள், இறந்த வருஷத்தைப் பாருங்கள்.

நார்மண்டி நிலம் என்ன ஆயிற்று?

1204இல் பிரெஞ்சு ராஜா நார்மண்டியைப் பிடித்தபோது, கடலின் இரு பக்கமும் நிலம் வைத்திருந்தவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ஹாமெலினின் மகன் இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தார். பெலான்கோம்பர், மோர்ட்டெமேர் இரண்டும் போயின. ஈடாக ஸ்டாம்ஃபர்ட், கிரான்தம் என்ற ஊர்கள் கிடைத்தன. ‘த வாரென்’ என்ற பெயர் மட்டும் இருந்தது. வரென் ஆறு இல்லை.

துருப்பிடித்த வாள் கதை உண்மையா?

முதலாம் எட்வர்ட் காலத்தில், ‘எந்த உரிமையின் பேரில் இந்த நிலத்தை, இந்த வரியை வைத்திருக்கிறாய்?’ என்று பிரபுக்களை எல்லாம் நீதிபதிகள் முன் நிறுத்திப் பத்திரம் கேட்டார்கள். ஜான் த வாரென் (இறப்பு 1304) பழைய துருப்பிடித்த வாள் ஒன்றை உருவிக் காட்டி, இதுதான் என் பத்திரம், என் முன்னோர் வில்லியமோடு வந்து வாளால் பிடித்த நிலத்தை நானும் வாளால் காப்பேன் என்றாராம். கிஸ்பரோ மடத்து வால்ட்டர் எழுதிய வரலாற்றில் வருகிறது. அதே வரலாற்றின் ஒரு கைப்பிரதியில் வாளைக் காட்டியவர் குளோஸ்டர் பிரபு. அதனால் ஆராய்ச்சியாளர்கள் நம்பத் தயங்குகிறார்கள். நீதிமன்றத்தில் இவர் உண்மையில் செய்தது, எல்லாரையும் போல வக்கீல் வைத்து நீண்டகால அனுபவ பாத்தியதை பேசியதுதான்.

ஆனால் ஆள் அப்படிச் செய்யக்கூடியவர் என்பதில் சந்தேகமில்லை. 1270இல் ஒரு நில வழக்கில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலேயே எதிர்த்தரப்புக்காரர் ஆலன் லா சூஷைத் தாக்கினார். ஆலன் பிறகு இறந்தார். வாரென் பெரும் அபராதம் கட்டித் தப்பினார். 1264இல் தன் சொந்த ஊரான லூயிஸில் நடந்த போரிலோ, ஓடிப்போய்ப் பெவன்சியில் கப்பலேறியவரும் இதே ஆள்தான். 1296இல் டன்பாரில் அவர் தோற்கடித்தது தன் மருமகன், ஸ்காட்லாந்து ராஜா ஜான் பேலியலின் படையை. அடுத்த வருஷம் ஸ்டர்லிங் பாலத்தில் வில்லியம் வாலஸிடம் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாள் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ‘என் முன்னோர் வில்லியமோடு வந்தவர்கள்’ என்கிறாரே, அவருடைய தாத்தா ஹாமெலின். ஹாமெலினின் அப்பா ஆஞ்சூ பிரபு. ஆஞ்சூக்காரர்கள் நார்மன்களுக்குப் பரம்பரை விரோதிகள். ஹேஸ்டிங்ஸுக்கு அவர் வழியில் யாரும் வரவில்லை. வாள் முனையில் பிடித்த நிலமாக இருக்கலாம், ஆனால் அது ஜானுக்கு வந்தது அப்பத்தா இசபெல் வழியில்.

வம்சம் எப்படி முடிந்தது?

அந்த ஜானின் மகன் 1286இல் கிராய்டனில், குதிரைவீரர்கள் ஆயுதத்தோடு மோதும் ஒரு போட்டிச் சண்டையில் இறந்தார். பேரன், அவர் பெயரும் ஜான், 1306இல் முதலாம் எட்வர்டின் பேத்தி ஜோனைக் கட்டினார். பெண்ணுக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஒத்துவரவே இல்லை. மாட் த நெர்ஃபர்டோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றார். கல்யாணத்தை ரத்து செய்ய வருஷக்கணக்கில் திருச்சபை நீதிமன்றங்களில் அலைந்தார். முடியவில்லை. மாட்டின் மகன்களுக்காவது சொத்து போகட்டும் என்று நிலத்தை ராஜாவிடம் ஒப்படைத்துத் திரும்ப எழுதி வாங்கிப் பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1347இல் இறக்கும்போது எழுதிய உயிலில், கடைசிக் காலத்தில் கூட இருந்த இசபெல் த ஹாலண்டை ‘என் துணைவி’ என்று குறிப்பிட்டிருக்கிறார். வடக்கு நிலங்கள் ராஜ குடும்பத்துக்குப் போயின. தெற்கு நிலங்களும், ஜோன் 1361இல் இறந்த பின் பட்டமும், சகோதரி ஆலிஸின் மகன் ரிச்சர்ட் ஃபிட்ஸாலனுக்கு. மறுபடியும் பெண் வழி.

இன்று ‘வாரன்’ என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் எல்லாம் இவர்கள் வம்சமா?

இல்லை. முயல் வளர்க்கும் காட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே ஒலியுள்ள சொல்தான். அதன் காவலர் குடும்பத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டும். 1782இல் வாரன் என்ற செல்வந்தர் ஒருவருக்காக, அவர் சர்ரே பிரபுக்களின் நேர் வாரிசு என்று நிறுவ இரண்டு தொகுதி கனத்த புத்தகம் ஒரு பாதிரியார் எழுதினார். அழகான படங்கள் உண்டு. நிரூபணம் பலவீனம். மாறாகப் பெண்கள் வழியில் பார்த்தால், ஏடா ஒருத்தி மூலமாகவே ஸ்காட்லாந்தின் பிந்தைய ராஜ குடும்பங்கள் எல்லாம் வாரென் சந்ததிதான்.

நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

கானிஸ்பரோ கோபுரம், காசில் ஏக்கரின் இடிபாடுகள், இரண்டு செயற்கைக் குன்றுகள் கொண்ட லூயிஸ் கோட்டை. நான் போகச் சொல்வது லூயிஸில் சவுத்ஓவர் புனித ஜான் தேவாலயத்துக்கு.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1537இல் லூயிஸ் மடத்தைக் கைப்பற்றி, இத்தாலியப் பொறியாளர் ஒருவரை வைத்து இடித்துத் தள்ளினார். குந்த்ராடாவின் கல்லறைப் பலகை எப்படியோ ஐஸ்ஃபீல்டு என்ற கிராமத்துத் தேவாலயத்துக்குப் போய், வேறொரு குடும்பத்துக் கல்லறையின் மேல்மூடியாகிக் கிடந்தது. 1775 வாக்கில் கண்டுபிடித்துச் சவுத்ஓவருக்குக் கொண்டுவந்தார்கள். கறுத்த தூர்னே கல். 12ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வேலை. விளிம்பைச் சுற்றியும் நடுவிலும் லத்தீன் கவிதை ஓடுகிறது: (பைபிளில் வரும் சகோதரிகளில் பணிவிடை செய்த) மார்த்தாளாக ஏழைகளுக்கு இருந்தாள், பக்தியில் (மற்றவளான) மரியாளாக இருந்தாள், மார்த்தாள் பங்கு மறைந்தது, மரியாள் பங்கு நிற்கிறது. ‘டியூக்குகளின் குலக்கொழுந்து’ என்கிறது அந்தக் கல். ராஜாவின் மகள் என்று எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் செதுக்காமல் விடுவார்களா?

1845 அக்டோபரில் லூயிஸ் வழியாக ரயில் பாதை போட மடத்து நிலத்தை வெட்டியபோது, தொழிலாளிகளின் மண்வெட்டியில் இரண்டு ஈயப் பெட்டிகள் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடி நீளம்தான். உள்ளே எலும்புகள். ஒன்றின் மூடியில் வில்லியம் பெயரும் மற்றதில் குந்த்ராடா பெயரும் பொறித்திருந்தன. மடத்தைப் பெரிதாக்கிக் கட்டியபோது பழைய குழியிலிருந்து எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சின்ன அளவு. அவர்களுக்காகவே தேவாலயத்தை ஒட்டி 1847இல் ஒரு சிறு மண்டபம் கட்டினார்கள். கல்லும் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. மடம் இருந்த இடத்தின் நடுவே இப்போதும் ரயில் ஓடுகிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் இடிபாடு கொஞ்சம் தெரியும்.